முள் இல்லாத வீக்கம்

பச்சைமலையின் அடிவாரத்தில் கோசலை என்ற வைத்தியர் ஒரு மடம் நடத்திவந்தார். மடம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஓடு வேய்ந்த நீளமான ஒரு கட்டடம், நோயாளிகள் படுக்கக் கொட்டகைகள், மருந்து காய்ச்ச ஓர் அடுப்படி.

கோசலைக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். அவரிடம் வைத்தியம் கற்க வந்த செல்லாண்டிக்கு ஐம்பது நெருங்கிக்கொண்டிருந்தது. அதனால் குரு சீடனை "அண்ணே" என்றார். சீடன் குருவை "அம்மா" என்றான். கேட்டவர்கள் சிரித்தார்கள். பிறகு அவர்களுக்கும் பழகிப்போயிற்று.

செல்லாண்டி அதற்கு முன்னால் மாட்டுத் தரகன். சந்தைக்கு நடந்த வழியில் கருவேல முள் ஒன்று கெண்டைக்காலில் ஏறி, கால் பூசணிக்காய் போல வீங்கி, மடத்துக்குத் தூக்கி வரப்பட்டவன். கோசலை முள்ளை எடுத்தார். கால் பிழைத்தது. செல்லாண்டி ஊருக்குத் திரும்பவில்லை. அவன் மனைவி சிலம்பாயிதான் வண்டியில் பானை சட்டியை ஏற்றிக்கொண்டு, வழியெல்லாம் திட்டிக்கொண்டு வந்து சேர்ந்தாள்.

மடத்தில் முதல் பாடம் புறங்கைப் பாடம்.

"வீக்கத்தைப் பார்த்ததும் அமுக்காதீங்க அண்ணே. புறங்கையை வெச்சுச் சூடு பாருங்க. அப்புறம் உடம்போட மறுபக்கம் அதே இடத்துல வெச்சுப் பாருங்க. வலது கால்னா இடது கால். ரெண்டுக்கும் வித்தியாசம் இருந்தா, அங்கே எதுவோ உள்ளே வந்திருக்கு. உடம்பு கூப்பிடுது."

"எப்படிம்மா கூப்பிடும்?"

"சூடா, சிவப்பா, வீங்கி, வலிச்சு. அதுக்கு அவ்வளவுதான் பேசத் தெரியும்."

செல்லாண்டிக்கு இந்தப் பாடம் பிடித்துப்போயிற்று. கன்றின் வயிற்றைத் தடவியே காய்ச்சலைச் சொன்ன கை அது. சீக்கிரமே முள் எடுப்பதில் பேர் வாங்கிவிட்டான். மூங்கில் சிலாம்பு, மீன் எலும்பு, கண்ணாடித் துண்டு எதுவானாலும் வீங்கிய இடத்தில் அவன் கை வைத்தால் வெளியே வந்துவிடும். "மாட்டுக்குப் பல்லுப் பார்க்கிற மாதிரி பார்க்காதய்யா" என்று நோயாளிகள் கேலி செய்துகொண்டே காலை நீட்டினார்கள்.

அந்த மாரிக்காலத்தில் சிலம்பாயி ஒரு நாள் காலையில் சொன்னாள்.

"விரல் மடங்கலைங்க."

"குளிர்."

"பொழுது ஏறினப்புறம்தான் என் கை எனக்கு வருது. அதுவரைக்கும் யார் கையோ மாதிரி இருக்கு."

செல்லாண்டி அவளுடைய வலது மணிக்கட்டில் புறங்கையை வைத்தான். பிறகு இடது மணிக்கட்டில் வைத்தான். விரல் கணுக்களையும் அப்படியே பார்த்தான். இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருந்தன.

"வித்தியாசமே இல்லை. ஒண்ணும் வரலை."

"வலிக்குதே."

"குளிர்னு சொல்றேன்ல."

மாரி போய்ப் பனி வந்தது. பனி போய் வெயில் வந்தது. சிலம்பாயி கேட்கும்போதெல்லாம் அவன் இரண்டு கைகளையும் தொட்டுப் பார்த்தான். இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. ஒன்றுமில்லை என்றே சொன்னான். அவன் பொய் சொல்லவில்லை.

ஒரு நாள் சோற்றுப் பானையை இறக்கியபோது அது அவள் கையிலிருந்து நழுவியது. அடுப்படி முழுவதும் சோறு. சத்தம் கேட்டுக் கோசலை வந்தார். தரையைப் பார்க்கவில்லை. சிலம்பாயியின் கையைப் பார்த்தார்.

அவளுடைய வலது மணிக்கட்டில் புறங்கையை வைத்தார். அடுத்தபடியாக இடது மணிக்கட்டைத் தொடவில்லை. பக்கத்தில் நின்ற செல்லாண்டியின் மணிக்கட்டைப் பிடித்து அதில் வைத்தார்.

"நீங்களும் பாருங்க."

செல்லாண்டி தன் புறங்கையை முதலில் தன் மணிக்கட்டிலும் பிறகு அவளுடையதிலும் வைத்தான். சுட்டது.

"ரெண்டு கையும் ஒண்ணு மாதிரிதானேம்மா இருந்துச்சு."

"ஆமா. ரெண்டும் எரியுது."

சிலம்பாயி சிதறிய சோற்றுக்கு நடுவில் உட்கார்ந்து சிரித்தாள். "கேட்டுக்குங்க. ஊரான் காலெல்லாம் இவருக்குத் தெரியும். பொண்டாட்டி கைதான் தெரியலை."

செல்லாண்டிக்குச் சிரிப்பு வரவில்லை.

"அப்போ ரெண்டு கையிலயும் முள்ளாம்மா?"

"இல்லை."

"சீழா?"

"இல்லை."

"ஏதாவது விஷக்கடி?"

"இல்லை அண்ணே."

"அப்புறம் அது யாரைக் காட்டிக் கூப்பிடுது?"

"யாரும் வரலை."

"யாருமே வராம ஒரு உடம்பு இப்படிச் சண்டை போடுமா?"

"போடுது, பாருங்க."

சிலம்பாயி சிரிப்பை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். "என் உடம்புக்கு என்மேல என்னம்மா கோபம்?"

கோசலை அவளுடைய ஒவ்வொரு கணுவையும் மெல்ல அமுக்கிக்கொண்டே போனார். சுண்டுவிரலுக்கு வந்ததும் நிறுத்தினார்.

"தெரியலைம்மா" என்றார். "ஆனா இப்படியே விட்டா மூட்டை அரிச்சுடும். விரல் கோணிக்கும். அப்புறம் நிமிர்த்த முடியாது. அதை அமர்த்தணும்."

அன்று மாலையே ஒரு வேர்க் கஷாயம் அடுப்பில் ஏறியது.

அந்த வாரத்தில் தொடையில் கட்டியோடு அழகிரி என்ற ஆட்டுக்காரர் வந்தார். கட்டி சிவந்து, பளபளத்து, தொட்டால் அலறும்படி இருந்தது. கோசலை தவிட்டை வறுத்துத் துணியில் முடிந்து செல்லாண்டியிடம் கொடுத்தார்.

"ஒத்தடம் குடுங்க."

அவன் கொடுத்தான்.

"இன்னும் சூடா."

"ஏற்கெனவே கொதிக்குதேம்மா."

"கொதிக்கட்டும்."

"யோவ் தரகரே, அந்தம்மா சொல்றதைக் கேளு, ஆனா மெதுவாக் கேளு" என்றார் அழகிரி, பல்லைக் கடித்துக்கொண்டு.

கட்டி இன்னும் சிவந்தது, இன்னும் வீங்கியது, பிறகு முகம் வைத்து உடைந்தது. சீழெல்லாம் போயிற்று. அழகிரி தன் ஆடுகளைப் பற்றிக் கவலைப்பட ஆரம்பித்தார். அதுவே அவர் குணமானதற்கு அடையாளம்.

செல்லாண்டி அடுப்படிக்குப் போனான். கோசலை சிலம்பாயியின் கஷாயத்தை வடிகட்டிக்கொண்டிருந்தார்.

"அம்மா, அந்த ஆள் தொடையில எரிஞ்சுது. நீங்க ஊதி விட்டீங்க. இவ கையில எரியுது. தண்ணி ஊத்துறீங்க."

"ஆமா."

"ரெண்டும் ஒரே வீக்கம். ஒரே சிவப்பு. ஒரே சூடு."

"ஆமா."

"அப்போ வீக்கம் நல்லதா, கெட்டதா?"

"அங்கே வேலை இருந்துச்சு, உடம்போட காவல் ஆளுங்க வந்தாங்க. இங்கே வேலை இல்லை, ஆளுங்க மட்டும் வந்திருக்காங்க."

"வெளியே இருந்து பார்க்கிறவனுக்கு அது எப்படித் தெரியும்?"

"சில நேரம் தெரியாது."

"உங்களுக்கு?"

"எனக்கும்தான்."

செல்லாண்டி கஷாயக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு நடந்தான். பாதி வழியில் நின்றான். திரும்பிப் போய் இன்னொரு கேள்வி கேட்கலாம் என்று நினைத்தான். என்ன கேட்பது என்று தெரியவில்லை. கிண்ணத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தான்.

கஷாயம் கேட்டது. விரல் கணுக்களில் வீக்கம் வற்றிச் சுருக்கங்கள் திரும்பி வந்தன. சிலம்பாயி தன் தலையைத் தானே வாரிப் பின்னிக்கொண்டாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அம்மியில் உட்கார்ந்து துவையல் அரைத்தாள். காரம் தலைக்கேறியது. செல்லாண்டி இரண்டாவது முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

"இன்னும் கொஞ்ச நாள்ல ஊருக்குக் கிளம்பிடலாங்க. என் கை எனக்கு வந்துருச்சு."

"நான் இன்னும் படிச்சு முடிக்கலையே."

"நீங்க எப்பப் படிச்சு முடிக்கிறது, நான் எப்ப ஊரைப் பார்க்கிறது."

அப்படிச் சொல்லிக்கொண்டே எழுந்தவள் இடது காலைச் சற்றே தூக்கி வைத்தாள்.

"கால்ல என்ன?"

"என்னவோ குத்துற மாதிரி இருக்கு. வேலி ஓரமா விறகு பொறுக்கினேன்."

செல்லாண்டி அவளை உட்கார வைத்தான். இடது உள்ளங்காலில் புறங்கையை வைத்தான். வலது உள்ளங்காலில் வைத்தான். போன முறை ஏமாந்தது நினைவுக்கு வந்து தன் காலிலும் வைத்துப் பார்த்தான். மூன்றும் குளிர்ந்திருந்தன. சிவப்பில்லை. வீக்கமில்லை. தோலில் ஒரு புள்ளி மட்டும் இருந்தது. மச்சம் போல.

"இந்தத் தடவை நிச்சயமாச் சொல்றேன். ஒண்ணுமில்லை."

"போன தடவையும் நிச்சயமாத்தான் சொன்னீங்க."

"போன தடவை என் உடம்புல வெச்சுப் பார்க்கலை. இப்போ பார்த்தாச்சு."

சில நாட்களில் சிலம்பாயி சாப்பாட்டை ஒதுக்கினாள். பகல் வெயிலில் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தாள். முகம் சாம்பல் பூத்துப்போனது. செல்லாண்டி அவள் கைகளைப் பார்த்தான். நன்றாக இருந்தன. மணிக்கட்டைப் பார்த்தான். நன்றாக இருந்தது. பயந்துபோய்க் கோசலையைக் கூப்பிட்டான்.

கோசலை நேராகக் காலைப் பிடித்தார். புறங்கையை வைக்கவில்லை. கட்டைவிரலால் உள்ளங்காலை ஒவ்வொரு இடமாக ஆழ அமுக்கினார். அந்தப் புள்ளிக்கு வந்ததும் சிலம்பாயி அவர் தோளைப் பற்றிக்கொண்டாள்.

"கத்தியைச் சுட்டு எடுத்துட்டு வாங்க."

கீறியதும் சீழ் வழிந்தது. வழிந்துகொண்டே இருந்தது. கடைசியில் ஒரு முள் நுனி வந்தது. அரிசியைவிடச் சிறியது.

செல்லாண்டி அதை விரலில் வைத்துப் பார்த்தான்.

"இவ்வளவு சீழ் உள்ளே இருந்திருக்கு. ஏம்மா வீங்கலை? ஏன் சிவக்கலை? ஏன் கூப்பிடலை?"

"நான் தூங்க வெச்சுட்டேன்."

"யாரை?"

"கையில சண்டை போட்டவங்களைத்தான். அவங்கதான் காலுக்கும் காவல்."

"அப்போ இது உங்க மருந்தாலயா?"

"ஆமா அண்ணே. என் மருந்தாலதான்."

அவர் அதைச் சாதாரணமாகச் சொன்னார். அது செல்லாண்டியை இன்னும் குழப்பியது. அவர் மறுத்திருந்தால் கோபப்பட்டிருக்கலாம்.

கால் ஆறும்வரை கஷாயம் நிறுத்தப்பட்டது. கால் ஆறிக்கொண்டு வந்தது. கை மறுபடி எரிய ஆரம்பித்தது. இந்த முறை முன்பைவிட மூர்க்கமாக. கணுக்கள் நாவற்பழம் போல உருண்டன. சிலம்பாயியால் தம்ளரைப் பிடிக்க முடியவில்லை. செல்லாண்டி கஞ்சியை ஊட்டிவிட்டான். அவள் கேலி பேசுவதை நிறுத்தியிருந்தாள். அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

"அம்மா, மருந்து குடுத்தா காலு போகுது. குடுக்கலைன்னா கை போகுது. நான் எதைம்மா படிக்கிறது?"

"ரெண்டையும்."

"முள் இருந்தா வீங்கும்னீங்க. முள் இல்லாம வீங்குது. வீங்கினா முள் இருக்கும்னு தேடினேன். முள் இருந்தும் வீங்கலை. நீங்க சொன்ன முதல் பாடமே தப்பா?"

"தப்பில்லை."

"அப்போ?"

"கால் முழுசா ஆறட்டும். மறுபடி கஷாயம் தரலாம். இந்தத் தடவை குறைச்சலா. தினமும் கையையும் பார்த்து, காலையும் பார்த்து."

"எவ்வளவு நாளைக்கு?"

"நாள் கணக்கு இல்லை அண்ணே."

"முடிவே இல்லையா?"

கோசலை கூடையை எடுத்துக்கொண்டார். வேர் தீர்ந்துவிட்டது, மலைக்குப் போய் வருவதாகச் சொன்னார்.

அவர் போனபிறகு செல்லாண்டி சிலம்பாயியின் பக்கத்தில் உட்கார்ந்தான். அவள் இரண்டு கைகளையும் மடியில் மலர்த்தி வைத்திருந்தாள். தன்னுடையது அல்லாத எதையோ பார்த்துக்கொள்ளச் சொல்லி யாரோ விட்டுப்போனது போல.

அவன் மனம் சுற்றிச் சுற்றி ஓர் இடத்துக்கே வந்தது. காலில் ஒன்றுமில்லை என்று அவன் நினைத்தான். ஆனால் முள் இருந்தது. தன் கைக்குத் தெரியாத முள்ளைக் கோசலையின் கட்டைவிரல் கண்டுபிடித்தது. அப்படியென்றால் கோசலையின் விரலுக்கும் தெரியாத முள் ஒன்று இருக்கக்கூடாதா? சும்மா யாராவது இவ்வளவு சண்டை போடுவார்களா? உள்ளே யாரோ இருக்கிறார்கள். வலது மணிக்கட்டில், மிக ஆழத்தில், யாரோ ஒளிந்திருக்கிறார்கள். அவர்களை எடுத்துவிட்டால் முடிந்தது. கஷாயம் வேண்டாம். ஊருக்குப் போகலாம்.

அவன் அடுப்படிக்குப் போய்ச் சிறு கத்தியைச் சுட்டு எடுத்து வந்தான்.

சிலம்பாயி கத்தியைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"அம்மா வரட்டுங்க."

"வர்றதுக்குள்ள எடுத்துடலாம்."

"என்னத்தை எடுக்கப் போறீங்க? அதான் ஒண்ணுமில்லைன்னு சொன்னாங்களே."

"ஒண்ணுமில்லைன்னு நானும்தான் சொன்னேன். உன் கால்ல இருந்துச்சா இல்லையா?"

அவள் கைகளை மடிக்குள் இழுத்துக்கொண்டாள்.

"நான் எடுக்காத முள்ளா?" என்றான் அவன், மெதுவாக. "என்னைப் பாரு. ஊருக்குப் போகணும்ல?"

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு வலது கையை நீட்டினாள்.

மணிக்கட்டின் மேல்புறம், அதிகம் வீங்கிய இடத்தில் அவன் கீறினான். வடிகஞ்சி போல மஞ்சளாக, தெளிவாக ஏதோ வழிந்தது. சீழ் இல்லை. துடைத்தான். பார்த்தான். உள்ளே சிவந்து ததும்பிய சதை. வேறொன்றும் இல்லை.

கொஞ்சம் ஆழமாகப் போனான். ஒன்றுமில்லை. ஒருவேளை இன்னும் அந்தப் பக்கமாக இருக்கும். கத்தி முனையைச் சாய்த்தான்.

சிலம்பாயி தன் சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டிருந்தாள். "போதுங்க" என்றாள்.

"இதோ. இங்கேதான் இருக்கணும்."

வெள்ளையாக ஒன்று தெரிந்தது. மெல்லிய நார் போல இழுத்துக் கட்டியிருந்தது. கத்தி நுனியால் அதை நெம்பினான்.

அது அறுந்தது. மணிக்கட்டுக்கு அப்பால் சிலம்பாயியின் சுண்டுவிரல் தலை கவிழ்ந்தது.

கோசலை திரும்பி வந்தபோது செல்லாண்டி காயத்தைத் துணியால் அழுத்திப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். கத்தி தரையில் கிடந்தது. கோசலை கூடையை இறக்கினார். கை கழுவினார். காயத்தைத் திறந்து பார்த்தார்.

"விரலைத் தூக்குங்கம்மா."

சிலம்பாயி முயன்றாள். மற்ற விரல்கள் அசைந்தன. சுண்டுவிரல் அசையவில்லை.

"விரலைத் தூக்குற நார் அறுந்திருக்கு" என்றார் கோசலை.

"சேருமாம்மா?" என்று கேட்டாள் சிலம்பாயி.

"இது சேராது. மத்ததைக் காப்பாத்தப் பார்க்கலாம்."

சிலம்பாயி கொஞ்ச நேரம் அந்த விரலையே பார்த்தாள். பிறகு கணவனைப் பார்த்தாள். "எப்படியும் இந்த விரல் ஒண்ணுக்கும் உதவலை. விடுங்க" என்றாள்.

அவள் திட்டியிருந்தால் செல்லாண்டி தாங்கியிருப்பான். எழுந்து கதவருகே போய் நின்றான்.

கோசலை காயத்தைக் கழுவி மருந்து வைத்தார். துணியைக் கிழித்துச் சுற்ற ஆரம்பித்தார். தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

"என்னத்தைத் தேடினீங்க அண்ணே?"

"முள்ளைத்தான்."

"இருந்துச்சா?"

"இல்லை."

"இல்லைன்னு எப்போ தெரிஞ்சுது?"

செல்லாண்டி யோசித்தான். "கீறினதுமே தெரிஞ்சுது."

"அப்போ கத்தியை வெச்சுட்டீங்களா?"

"இல்லைம்மா."

"என்ன பண்ணினீங்க?"

"இன்னும் ஆழமாப் போனேன்."

"அங்கேயும் இல்லைன்னதும்?"

"இன்னும் கொஞ்சம்."

துணி ஒரு சுற்று சுற்றியது. இன்னொரு சுற்று.

"என்னை அனுப்பிடுவீங்களா?"

கோசலை அடுத்த சுற்றைச் சுற்றினார். "அவங்க போதும்னாங்களா?" என்று கேட்டார்.

"சொன்னா."

"காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சு."

"அப்புறம் ஏண்ணே?"

செல்லாண்டி தன் கையைப் பார்த்தான். மாட்டின் காய்ச்சலைச் சொன்ன கை, ஊரார் கால்களைக் காப்பாற்றிய கை. அவனுக்கு எதுவும் விளங்கவில்லை. ஒன்றே ஒன்று மட்டும் நிச்சயமாகத் தெரிந்தது. அதைச் சொன்னான்.

"அவளைக் காப்பாத்தத்தாம்மா."

கோசலை துணியின் நுனியை இரண்டாகக் கிழித்து, வலிக்காதபடி முடிச்சுப் போட்டார். சிலம்பாயியின் கையை அவள் மடியில் திரும்ப வைத்தார்.

"அவங்க உடம்பும் அதைத்தான் சொல்லுது அண்ணே."